கண்டிக்கிறவருக்கும் ஒரு வார்த்தை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்தோத்திரம். சபையில் தவறு செய்கிறவர்களைக் கண்டித்துத் திருத்துவது பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். கண்டிப்பு வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதமே. ஆனால் கண்டிக்கப் போகிறவரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாதது வருத்தமாக இருந்தது.

மத்தேயு 7-ஆம் அதிகாரத்தைக் காட்டி, ‘யாரையும் எதுவும் கேட்கக் கூடாது’ என்று வாயை அடைக்கிறவர்கள் உண்டு. ஆண்டவர் அப்படிச் சொல்லவில்லை. சகோதரன் கண்ணில் இருக்கிற துரும்பை எடுக்கத்தான் வேண்டும். அதற்கு முன்பு உன் கண்ணில் இருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு என்கிறார்.

உத்திரத்தோடு போனால் என்ன ஆகும் என்பதற்குத் தாவீது ராஜாவைப் பாருங்கள். ஏழையின் ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் பறித்த கதையைத் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னதும், அவன் சாக வேண்டும் என்று தாவீது கொதிக்கிறான். ஆட்டைத் திருடிக் கொன்றவன் நாலு ஆடு கொடுக்க வேண்டும் என்பதுதான் மோசேயின் நியாயப்பிரமாணம் (யாத்திராகமம் 22:1). தாவீது அந்த நாலத்தனையையும் சொல்லி, மரணத்தையும் சேர்க்கிறான். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனையும் சாகக்கொடுத்த இரத்தப்பழியை மறைத்து வைத்திருந்தவனுக்கு நியாயப்பிரமாணமே போதவில்லை! யூதாவும் இப்படித்தான். வேசித்தனத்தால் கர்ப்பமானாள் என்று மருமகள் தாமாரைச் சுட்டெரிக்கச் சொன்னவன், அந்தக் கர்ப்பத்துக்குத் தானே காரணம் என்று காட்டும் தன் முத்திரை மோதிரமும் கைக்கோலும் முன்னால் வந்தபோதுதான் ‘என்னிலும் அவள் நீதியுள்ளவள்’ என்றான். ஒருவருடைய தவறுக்கு மீறி நமக்குக் கோபம் பொங்கினால், அவரிடம் போவதைச் சற்றுத் தள்ளிப்போட்டு முதலில் முழங்காலில் நிற்பது நல்லது.

போகிற விதமும் முக்கியம். அவரும் நீயும் தனித்திருக்கையில் சொல் என்பது ஆண்டவர் கட்டளை. நம்மிடையே நடப்பதோ, ஜெபக் குறிப்பு என்ற பெயரில் பத்துப் பேர் காதில் போட்டுவிட்டு, அப்புறம் அவரிடம் போவது. இது எனக்கு மிகவும் வேதனை தருகிறது. சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்று எழுதின பவுல், ‘உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு’ என்றும் அதே வசனத்தில் எழுதியிருக்கிறார் (கலாத்தியர் 6:1).

சரி, குறையே இல்லாதவர்தான் பேச வேண்டுமா? இல்லை. தம்மை மூன்று தரம் மறுதலிக்கப்போகிற சீஷன் பேதுருவிடம்தான், ‘நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து’ என்று இயேசு சொன்னார். குணப்படுதல், அதாவது மனந்திரும்புதல், முந்தி நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்டிக்கும் பொறுப்பில் இருக்கிற போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் பெற்றோருக்கும் இதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் அன்பான வாசகர்