பதினெட்டு மாதப் பஞ்சப்படி

ஒன்றிய நிதி அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 2020 மார்ச் 13 அன்று ஒன்றிய அரசு ஊழியர்கள், ஓய்வூதியர்களின் அகவிலைப்படியை, அதாவது விலைவாசிக்கேற்பத் தரும் பஞ்சப்படியை, 17-லிருந்து 21 சதவீதமாக உயர்த்த அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆறு வாரம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 23-ல் வந்த ஆணை அதை முடக்கிவிட்டது. அரையாண்டுக்கு ஒருமுறை வரும் அடுத்த இரண்டு தவணைகளும் அதோடு சேர்ந்து நின்றன. 2021 ஜூலையில் ஒரே தாவலாக 28 சதவீதம் ஆனது. 2020 ஜனவரியிலிருந்து நடுவில் போன பதினெட்டு மாதத்துக்கு மட்டும் நிலுவை கிடையாது என்றீர்கள். அதில் அரசுக்கு மிச்சம் 34,402 கோடி ரூபாய். உங்கள் அமைச்சகமே நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இது.

கொரோனா காலம், கஜானாவில் வரவு இல்லை, சரி. அன்று நிறுத்தியதை நான் குறை சொல்லவில்லை. எம்.பி.க்கள் சம்பளத்திலும் ஓராண்டுக்கு 30 சதவீதம் பிடித்தீர்கள். ஆனால் 2025 மார்ச்சில் அவர்கள் சம்பளத்தை 1,24,000 ரூபாயாக உயர்த்தியபோது, 2023 ஏப்ரலிலிருந்தே கணக்கிட்டுக் கொடுத்தீர்கள். பின்தேதியிட்டுக் கொடுக்க உங்களுக்கு வழி தெரியாமல் இல்லை.

என் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். அந்தப் பதினெட்டு மாதத்தில் ஓய்வு பெற்றவர்களின் பணிக்கொடையையும் விடுப்புச் சம்பளத்தையும் கணக்கிட, 2021 செப்டம்பரில் ஓர் ஆணை போட்டீர்கள். 2020 முதல் பாதியில் ஓய்வு பெற்றவருக்கு 21, அடுத்த பாதியில் 24, 2021 ஜூனுக்குள் என்றால் 28 சதவீதம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னது அது. நல்ல ஆணைதான். அப்படியானால் விலைவாசி ஏறியதும், அதற்கேற்பப் படி ஏற வேண்டியிருந்ததும் உங்கள் கோப்பிலேயே இருக்கிறதே! பணிக்கொடைக்கு ஏறிய படி மாதச் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் மட்டும் ஏறாமல் போனது எப்படி?

ஆந்திர அரசு 2020-ல் தள்ளிப்போட்ட சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் 6 சதவீத வட்டியோடு கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். அது தள்ளிப்போட்டது, இது முடக்கியது, இரண்டும் வேறு என்று உங்கள் அதிகாரிகள் சொல்லலாம். ஏட்டில் வேறுதான். மாதாமாதம் மருந்துக்கடையில் பில் கட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

தொகை என்னவோ மலைபோல் தெரிகிறது. ஆளுக்கு எவ்வளவு என்று பாருங்கள். குறைந்தபட்ச ஓய்வூதியமான 9,000 ரூபாய் வாங்குகிறவருக்கு, 17-க்கு மேல் கிடைத்திருக்க வேண்டியதை முதல் ஆறு மாதம் 4 சதவீதம், அடுத்த ஆறு மாதம் 7, அப்புறம் 11 என்று கூட்டினால் மொத்தம் 11,880 ரூபாய்.

ஒரே மூச்சில் கேட்கவில்லை. நான்கு தவணையாகக்கூடக் கொடுங்கள். முதல் தவணை எண்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் போகட்டும். எட்டாவது ஊதியக் குழுவின் அறிக்கை வரும் வரை அவர்களைக் காக்க வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
இன்னும் 'பஞ்சப்படி' என்றே சொல்லிப் பழகிய ஓர் ஓய்வூதியர்