எம்.எச். 370: கடைசி வளையத்துக்கு வெளியே எழுதப்படும் கதைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2014 மார்ச் 8 அதிகாலை கோலாலம்பூரிலிருந்து 239 பேருடன் பெய்ஜிங் கிளம்பிய மலேசியன் ஏர்லைன்ஸ் எம்.எச். 370 காணாமல் போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு புதுக் கதை கிளம்புகிறது. இந்தியப் பெருங்கடலில் அமெரிக்க ராணுவத் தளம் உள்ள டியேகோ கார்சியா தீவில் இறக்கிவிட்டார்கள், கஜகஸ்தானுக்குக் கடத்திவிட்டார்கள், கம்போடியக் காட்டில் கிடக்கிறது என்று யூடியூபில் பார்த்ததை அப்படியே வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுகிறார்கள். விமானம் விழுந்த இடம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லைதான். ஆனால் எந்தெந்த இடங்களில் அது இருக்கவே முடியாது என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். அந்தக் கணக்கைப் பத்திரிகைகள் வாசகர் முன் வைப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

'ரேடாரிலிருந்து மாயமானது' என்ற தலைப்பே பாதிதான் சரி. விமான நிலைய ரேடார் கேள்வி கேட்கும். விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் தன் எண்ணையும் உயரத்தையும் பதிலாக அனுப்பும். அதிகாலை 1.21-க்கு நின்றுபோனது அந்தப் பதில் மட்டுமே. உலோகத்தில் பட்டுத் திரும்பும் அலையை மட்டும் பார்க்கும் ராணுவ ரேடாருக்குப் பதில் தேவையில்லை. விமானம் திரும்பி, மலேசியத் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்குக்கு வடமேற்கே மலாக்கா நீரிணையின் மேல் போனதை 2.22 வரை அந்த ரேடார் பதிவு செய்திருக்கிறது.

அடுத்த சாட்சி செயற்கைக்கோள். 2.25-க்கு விமானத்தின் சாட்டிலைட் தொடர்புக் கருவி மறுபடி இணைப்புக் கேட்டது. இடையில் அதற்கு மின்சாரம் போய்த் திரும்ப வந்திருக்கிறது என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம். அதன்பின் ஒரு மணி நேரம் பேச்சே இல்லையென்றால் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் உள்ள தரை நிலையம் 'இருக்கிறாயா' என்று தட்டிக் கேட்கும். கருவி தானாகவே பதில் சொல்லும். விமானிகள் தொடவேண்டியதில்லை. காலை 8.11 வரை இப்படிப் பதில் வந்தது. 8.19-க்குக் கருவியே மறுபடி இணைப்புக் கேட்டது. எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சினும் நின்று, வாலில் உள்ள துணை எஞ்சின் தானாக ஓடி, சிறிது நேரம் மின்சாரம் கொடுத்திருக்க வேண்டும் என்று புலனாய்வாளர்கள் கொள்வது இதனால்தான்.

இப்போது கணக்கு. ஒவ்வொரு பதிலும் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதைத் தரை நிலையம் மைக்ரோ செகண்டில் குறித்து வைக்கிறது. ரேடியோ அலை ஒரு மைக்ரோ செகண்டில் 300 மீட்டர் போகும். போய்வரும் பாதை என்பதால் 150 மீட்டர் என்று கொள்ள வேண்டும். நிலையான அடிப்படைத் தாமதத்தைக் கழித்து, இணைப்பு நேரத்துக்கான திருத்தமும் செய்தபின் 8.19-க்குக் கிடைத்த எண் 18,400. இது செயற்கைக்கோளிலிருந்து விமானம் இருந்த தூரத்தைத் தருகிறது, திசையைத் தராது. ஆகவே பூமியில் ஒரு வளையம்தான் கிடைக்கும். செயற்கைக்கோளுக்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து அந்த வளையம் ஏறத்தாழ 4,900 கி.மீ. தள்ளிப் போகிறது. டியேகோ கார்சியாவோ அதே இடத்திலிருந்து சுமார் 1,200 கி.மீ.தான். விமானம் அங்கே நின்றிருந்தால் தாமதம் கிட்டத்தட்ட 13,000 மைக்ரோ செகண்ட் குறைந்திருக்க வேண்டும். அளவையில் வரக்கூடிய பிழையோ சில பத்து மைக்ரோ செகண்டுகள். தரையில் அது 10 கி.மீ. அளவு. விமானம் மாலத்தீவுப் பக்கம் போனது என்ற கதையும் இதே கணக்கில் அடிபட்டுப் போகிறது.

கஜகஸ்தான் அப்படியல்ல. வளையத்தின் வடபகுதி அந்தப் பக்கமாகப் போவது உண்மை. அதை விலக்கியது, விமானம் நகர்வதால் அலையில் ஏற்படும் அலைவரிசை மாற்றம். செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டின் மேல் ஆடாமல் நிற்கிறது என்று வைத்துத்தான் கருவி தன் அலைவரிசையைத் திருத்திக்கொள்ளும். ஆனால் வயதான அந்தச் செயற்கைக்கோள் வடக்கும் தெற்குமாக லேசாக அசைந்துகொண்டிருந்தது. திருத்தத்துக்குப் பிறகும் மிஞ்சிய அந்தச் சிறு வித்தியாசம் தெற்குப் பாதைக்குத்தான் ஒத்துவந்தது. 2015 ஜூலையில் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஃபிளாபரான் பகுதியும், அடுத்த ஆண்டு தான்சானியாவின் பெம்பா தீவில், தரையிறங்கும்போது இறக்கையில் விரிக்கும் ஃபிளாப்பின் துண்டும் ஒதுங்கிய பிறகு இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

பயணிகளின் கைபேசியில் மணி அடித்ததே என்று இன்றும் கேட்கிறார்கள். எதிர்முனையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அழைப்பவருக்கு மணியோசையைக் கொடுப்பது நெட்வொர்க்கின் வேலை. காதில் மணி கேட்டது என்பதால் அங்கே கைபேசி அடித்தது என்று ஆகாது. இந்த ஒரு புரளி அந்தக் குடும்பங்களை எவ்வளவு வதைத்தது!

இந்த எண்கள் சொல்லாதது ஒன்று உண்டு: யார், ஏன். விமானியின் வீட்டில் இருந்த, விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் தெற்கு இந்தியப் பெருங்கடல் நோக்கிய புள்ளிகள் இருந்தன. ஆனாலும் 2018 ஜூலையில் வந்த மலேசிய அறிக்கை காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றே முடித்தது. மூன்றாம் நபர் தலையீட்டையும் விலக்கவில்லை. அதற்கு மேல் ஒருவரைக் குற்றவாளி என்று அச்சிடுவது நியாயமில்லை.

இவ்வளவு தெரிந்தும் ஏன் கிடைக்கவில்லை? வளையம் ஆயிரக்கணக்கான கி.மீ. நீளம். அதிலிருந்து விமானம் எவ்வளவு விலகி விழுந்தது என்பதும் சேர வேண்டும். கடைசி எட்டு விநாடிகளில் அலைவரிசை விலகல் 182 ஹெர்ட்ஸிலிருந்து மைனஸ் 2-க்கு இறங்கியது செங்குத்தான வீழ்ச்சியைக் காட்டுகிறது. பெம்பாவில் கிடைத்த ஃபிளாப்பும் விரிக்கப்படாத நிலையில் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் வளையத்துக்கு அருகிலேயே விழுந்திருக்க வேண்டும். ஆனால் 2017 ஜனவரி வரை 1,20,000 சதுர கி.மீ. தேடினார்கள், தமிழ்நாட்டின் பரப்பே 1,30,000தான். 2018-இல் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம் மேலும் 1,12,000 தேடியது. நான்கு கி.மீ. ஆழத்தில், மலையும் பள்ளத்தாக்குமான தரையில், பாறை மறைக்கும் இடங்களை, ஒலியலையால் தேடும் சோனார் பார்க்காமல் விடக்கூடும். தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் போகும்போது 2016 ஜூலையில் 29 பேருடன் மறைந்த விமானப்படையின் ஏஎன்-32 நம் கண்முன் உள்ள உதாரணம். சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி எடுத்த படங்களால் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் அடையாளம் காணப்பட்டது 2024 ஜனவரியில்தான்.

எம்.எச். 370-இன் தகவல் பதிவுப் பெட்டியில் ஒலி எழுப்பும் கருவியின் பேட்டரி 2012 டிசம்பரிலேயே காலாவதியாகியிருந்தது. சரியாக இருந்திருந்தாலும் 30 நாள்தான் ஓடும். பிறகு அது 90 நாளாக உயர்த்தப்பட்டது. கடல் மேல் பறக்கும்போது 15 நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தைப் பதியும் விதியும், ஆபத்து நேரத்தில் புது விமானங்கள் நிமிடத்துக்கு ஒருமுறை தானாக இடம் அறிவிக்கும் விதியும் வந்தன. நம் விமான நிலையங்களிலிருந்து பறக்கும் விமானங்களில் இவை எந்த அளவுக்கு நடைமுறையில் உள்ளன என்று உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– விமான மின்னணுக் கருவிகள் பராமரிப்புப் பொறியாளர் (ஓய்வு), திருச்சி