விடை 20 சரி, வழி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ கணிதத் தேர்வு முடிந்த அன்று மாலை ஆண்டுதோறும் ஒரே பேச்சுதான். தாள் எளிதா, கடினமா, சென்டம் குறையுமா, கூடுமா? ஒரு விடைத்தாளில் மதிப்பெண் எந்த வரியில் விழுகிறது, எந்த வரியில் கைநழுவுகிறது என்று யாரும் பேசுவதில்லை. நுண்கணிதத்தை (கால்குலஸ்) பொறுத்தவரை பேச வேண்டியது அதைத்தான்.

எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண் வினாக்கள் 20. 2, 3, 5 மதிப்பெண் வினாக்களுக்குத் தலா 7 விடைகள். ஐந்து மதிப்பெண் பகுதி மட்டுமே 35. பாடநூலின் இரண்டாம் தொகுதியில் 7 முதல் 10 வரை உள்ள நான்கு பாடங்கள் நுண்கணிதம்தான்: வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், பகுதி வகைக்கெழுக்கள், தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள். 41 முதல் 47 வரையான ‘அல்லது’ வினாக்களில் இவற்றைத் தொடாமல் தப்பிப்பது கடினம். ஒரு மதிப்பெண் வினாவில் தகராறுக்கு இடமில்லை. தகராறெல்லாம் ஐந்து மதிப்பெண்ணில்தான். ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். நாளிதழில் கணிதக் குறியீடுகளை அச்சிடுவது தொல்லை என்பதால் முடிந்தவரை சொற்களிலேயே எழுதுகிறேன்.

கொதிக்கும் நீரை 100 டிகிரியில் அடுப்பிலிருந்து இறக்கி வைக்கிறோம். 5 நிமிடத்தில் 80 டிகிரிக்கு வருகிறது. இன்னும் 5 நிமிடத்தில் 65. சமையலறையின் வெப்பநிலை என்ன? பிளஸ் டூ படித்த எந்தப் பிள்ளைக்கும் பழக்கமான கணக்கு இது. விடை 20 டிகிரி.

நீருக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு எவ்வளவோ, அதற்கு நேர்விகிதத்தில் நீர் குளிர்கிறது. இதுதான் நியூட்டனின் குளிர்ச்சி விதி. மாறிகளைப் பிரித்து இருபுறமும் தொகையிட்டால் இடப்பக்கம் அந்த வேறுபாட்டின் மடக்கை வரும். வலப்பக்கம் நேரத்தின் ஒரு மடங்கும் ஒரு தொகையிடல் மாறிலியும் (வகுப்பில் ‘சி’ என்று எழுதுவது) வரும். மடக்கையை நீக்கும்போது, கூட்டலாக நின்ற அந்த மாறிலி பெருக்கலாக மாறி முன்னால் வந்து நிற்கும். அதாவது, சமமான நேர இடைவெளிகளில் வேறுபாடு ஒரே விகிதத்தில் குறையும். அறை வெப்பநிலையை ‘அ’ என்று வைத்தால் மிஞ்சுவது ஒரே சமன்பாடு:

(80 − அ)² = (100 − அ)(65 − அ)

விரித்தால் 6400 − 160அ = 6500 − 165அ. ஆகவே 5அ = 100, அ = 20. சரிபார்க்க ஒரு வரி போதும். வேறுபாடுகள் 80, 60, 45. ஒவ்வொன்றும் முந்தையதில் முக்கால்.

இனி இரண்டு விடைத்தாள்களைக் கற்பனை செய்யுங்கள். முதல் மாணவி எல்லாவற்றையும் முறையாகச் செய்து, மேற்கண்ட சமன்பாடு வரை வந்துவிடுகிறாள். விரிக்கும்போது 100-யும் 65-யும் கூட்டி அவசரத்தில் 155 என்று எழுதிவிடுகிறாள். அறை வெப்பநிலை −20 என்று வருகிறது. சமையலறையா, ஐஸ் பெட்டியா என்று யோசிக்க நேரமில்லை, மணி அடித்துவிட்டது. இரண்டாவது மாணவன் தொகையிடும்போது மாறிலியையே போடவில்லை. பிறகு ஏதோ இரண்டு வரி கிறுக்கி, கைடில் மனப்பாடம் செய்த 20-ஐக் கடைசி வரியில் எழுதிக் கட்டமும் போட்டுவிட்டான்.

கடைசி வரியில் தொடங்கி மேலே போகும் திருத்தத்தில் மாணவனுக்கு 4, மாணவிக்கு 2 அல்லது 3 கிடைக்கும். நியாயமாக மாணவிக்கு 4, மாணவனுக்கு 2. அதுவும் சமன்பாடு அமைத்ததற்கு 1, பிரித்ததற்கு 1, அவ்வளவே.

மாறிலியை விட்டதற்கு இவ்வளவு தண்டனையா என்று கேட்கலாம். அந்த மாணவன் எழுதியதை நேர்மையாகத் தொடர்ந்து பாருங்கள். மாறிலி இல்லாவிட்டால், நேரம் 0 ஆக இருக்கும்போது வேறுபாட்டின் மடக்கை 0 என்றாகும். அப்படியானால் வேறுபாடு 1. அறை வெப்பநிலை 99 டிகிரி. 99 டிகிரி அறையில் நீர் எப்படி 80-க்கு இறங்கும்? அடுத்த நிபந்தனையைப் போட்டால், எப்போதும் நேர்மமாகவே இருக்க வேண்டிய அடுக்குக்குறிச் சார்பின் மதிப்பு −19 என்று வருகிறது. கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது. உடைந்த இடத்திலிருந்து 20-க்கு வர வழியே கிடையாது. விடை வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதே வினாவில் வேறொரு தவறும் உண்டு. மாறிலியை மறந்துவிட்டு, மடக்கையை நீக்கிய பிறகு நினைவு வந்து, கடைசியில் ‘கூட்டல் சி’ என்று ஒட்டவைப்பது. அதையும் தொடர்ந்து பார்த்தால் அதே −19-தான் வரும்! காரணம், கூட்டலாக ஒட்டிய மாறிலி அறை வெப்பநிலையோடு கலந்து கரைந்துவிடுகிறது. புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. தொகையிட்ட அதே வரியில் மாறிலி வர வேண்டும் என்று ஆசிரியர்கள் தொண்டை வற்றக் கத்துவது சடங்குக்காக அல்ல.

அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் கல்லூரித் தரத்தில் எழுதும் ஏபி கால்குலஸ் தேர்வில் இதற்கு எழுத்திலேயே விதி இருக்கிறது. அங்கே விரிவாக விடையளிக்கும் வினாக்கள் 6. ஒவ்வொன்றுக்கும் 9 புள்ளி, மொத்தம் 54. வகைக்கெழுச் சமன்பாட்டில் மாறிகளைப் பிரிக்கவே இல்லையென்றால் அந்தப் பகுதிக்குப் பூஜ்ஜியம். பிரித்து, தொகையிட்டு, மாறிலியை விட்டால் அதுவரை சேர்ந்த புள்ளியோடு சரி; கடைசி வரி என்னவாக இருந்தாலும் திருத்துபவர் மேலே போக மாட்டார். அதே சமயம், எண் விடையைச் சுருக்காமல் பின்னமும் கூட்டலுமாக அப்படியே விட்டாலும் முழுப் புள்ளி உண்டு. அங்கே மதிப்பெண் சிந்தனைக்கு. நம் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துச் சுருக்கும் கடைசி மூன்று வரிகளுக்கு அல்ல. எல்லாவற்றையும் அங்கிருந்து இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. எல்லை மதிப்புக் கணக்கில் ‘சமம்’ குறி போட்டு 0/0 என்று எழுதினால் புள்ளியைக் குறைக்கும் அளவுக்கு அவர்கள் கறாரானவர்கள். நம் ஊரில் அதைத் ‘தேறப்பெறா வடிவம்’ என்று தனி வரியில் எழுதக் கற்றுக்கொடுத்தாலே போதும்.

பரப்பு காணும் கணக்குகளில் இன்னொரு வேடிக்கை. தவறான விடையைப் பார்த்தே மாணவர் எங்கே வழுக்கினார் என்று சொல்லிவிடலாம். ‘ஒய் வர்க்கம் = 4 எக்ஸ்’ என்ற பரவளையத்துக்கும் ‘ஒய் = 2 எக்ஸ் − 4’ என்ற கோட்டுக்கும் இடையே உள்ள பரப்பைக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். இரண்டும் (1, −2), (4, 4) என்ற புள்ளிகளில் வெட்டும். ஒய்யைப் பொறுத்து −2 முதல் 4 வரை தொகையிட்டால் ஒரே மூச்சில் 9 வந்துவிடும். எக்ஸைப் பொறுத்துத் தொகையிடுவோர்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

விடை 19/3 என்றால், அந்த மாணவர் வெட்டுப்புள்ளிகளையே எல்லைகளாக எடுத்து 1 முதல் 4 வரை தொகையிட்டிருக்கிறார். பரவளையத்தின் மூக்குப் பகுதி, 0 முதல் 1 வரை உள்ள 8/3, விடுபட்டுப்போயிற்று. விடை 32/3 என்றால் 0 முதல் 4 வரை எடுத்துவிட்டார். ஆனால் 0 முதல் 1 வரை கீழ் எல்லை கோடு அல்ல, பரவளையத்தின் கீழ்க் கிளை என்பதைக் கவனிக்கவில்லை. அதனால் 5/3 கூடுதலாக ஒட்டிக்கொண்டது. ஒரு தோராயப் படம் வரைந்திருந்தால் இரண்டு தவறும் நேர்ந்திருக்காது. படத்துக்கு 1 மதிப்பெண் ஒதுக்குவது அலங்காரத்துக்கு அல்ல என்பேன். எதைப் பொறுத்துத் தொகையிடுவது என்ற முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது. புள்ளிகளுக்கு 1, படத்துக்கு 1, எல்லைகளோடு தொகையீட்டை அமைப்பதற்கு 1, தொகையிடலுக்கு 1, விடைக்கு 1 என்று பிரித்தால் படம் வரையாமல் 19/3 எழுதியவருக்கு 2 கிடைக்கும். அவருக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

மேல் வளைவரையையும் கீழ் வளைவரையையும் மாற்றிக் கழித்து −9 வந்தவுடன், ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல் குறியை அழித்து 9 ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கு 1 குறைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் மாற்றினேன் என்று காரணத்தோடு ஒரு வரி எழுதியிருந்தால் குறைக்க வேண்டாம்.

ஆய்லர் தேற்றத்தில் நடப்பது இன்னும் நுட்பமானது. மாறிகளை எல்லாம் ஒரே எண்ணால் பெருக்கினால் சார்பின் மதிப்பு அந்த எண்ணின் ஓர் அடுக்கால் பெருகும் என்றால் அது சமபடித்தான சார்பு; அந்த அடுக்குதான் படி. அதன் பகுதி வகைக்கெழுக்களை அந்தந்த மாறியால் பெருக்கிக் கூட்டினால், படியையும் சார்பையும் பெருக்கிய மதிப்பு வரும் என்பதே தேற்றம். எக்ஸையும் ஒய்யையும் கூட்டி, அவற்றின் வர்க்கமூலங்களின் கூடுதலால் வகுத்து, அதற்கு நேர்மாறு சைன் எடுத்தால் வருவது ‘யு’. முதல் வரியிலேயே ‘யு என்பது படி 1/2 உடைய சமபடித்தான சார்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பொய். சமபடித்தானது சைன் யு, யு அல்ல. யு சமபடித்தானது என்றால் தேற்றப்படி அரை யு என்றல்லவா முடிய வேண்டும்? அதே தாளில் கடைசி வரி மட்டும் அரை டேன் யு என்று கச்சிதமாக இருக்கும். வினாவிலேயே ‘எனக் காட்டுக’ என்று விடையைக் கொடுத்துவிடுவதால் வரும் வினை இது. நிரூபிக்கச் சொல்லும் கணக்கில் கடைசி வரிக்குத் தனி மதிப்பெண் ஒதுக்குவதே வீண்.

பெருமம், சிறுமம் கணக்குகளில் சுருக்கமாக ஒன்று மட்டும். 24 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தகட்டின் மூலைகளை வெட்டி மடித்துப் பெட்டி செய்தால், முதல் வகைக்கெழுவைப் பூஜ்ஜியமாக்கும்போது வெட்டும் அளவு 4 என்றும் 12 என்றும் வரும். 12 செ.மீ. வெட்டினால் தகடே மிஞ்சாது. அதை எழுதி விலக்க வேண்டும். 4-இல் இரண்டாம் வகைக்கெழு −96, குறை எண், ஆகவே பெருமம் என்றும் காட்ட வேண்டும். பலர் இரண்டையும் விட்டுவிட்டு, பெருமக் கொள்ளளவு 1024 க.செ.மீ. என்று நேரே தாவுகிறார்கள். தாவியதற்கு 5-இல் 3 போதும்.

தேர்வுத் துறைக்கு என் வேண்டுகோள் இரண்டு. விடைக்குறிப்பில் படிநிலை மதிப்பெண்ணைப் பிரிக்கும்போது வரிக்கு வரி பிரிக்காமல், மாணவர் முடிவெடுக்கும் இடங்களுக்குப் பிரியுங்கள்: மாறிலி, எல்லை, குறி, சோதனை. கூடவே, முந்தைய வரியில் நேர்ந்த கூட்டல் பிழைக்கு ஒரு முறை மட்டுமே குறைக்க வேண்டும், அந்தத் தவறான எண்ணைக் கொண்டு பின்னால் சரியாகச் செய்திருந்தால் மீதியைத் தர வேண்டும் என்று அச்சிலேயே சொல்லுங்கள். பிழையால் கணக்கு எளிதாகிவிட்டால் மட்டும் இந்தச் சலுகை கூடாது.

இரண்டாவது, முடிவுகள் வந்த பிறகு விடைத்தாள் நகல் கேட்டுப் பெறும் மாணவருக்கு, படிநிலை மதிப்பெண் குறித்த அந்த விடைக்குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு தன் திருத்தும் விதிகளையும், மாணவர் எழுதிய மாதிரி விடைகளையும், எதற்கு எத்தனை புள்ளி என்ற விளக்கத்தோடு ஆண்டுதோறும் பொதுவில் வைக்கிறது. நம் பிள்ளைகள் கையில் நகல் மட்டும் இருக்கும். ‘3/5’ என்று சிவப்பு மையில் இருப்பதைப் பார்த்து, மறுகூட்டலுக்குப் போவதா, மறுமதிப்பீட்டுக்குப் போவதா என்று குழம்புவார்கள். கூட்டல் சரியாக இருந்து ஒரு படிக்கு மதிப்பெண் விடுபட்டிருந்தால் மறுகூட்டலால் பயனில்லை. அந்தப் படிக்கு மதிப்பெண் உண்டா என்று தெரிந்தால்தான் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டலாமா என்று முடிவு செய்ய முடியும்.

சக ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். இதற்கெல்லாம் அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த திருப்புதல் தேர்வில் ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் கணக்குக்கு மட்டும் விடைக்குறிப்பைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, தாள்களை மாணவர்களிடையே மாற்றிக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். குளிர்ச்சி விதிக் கணக்கே அதற்குப் பொருத்தம். மாறிலி இல்லாமல் 20 என்று முடிந்த தாளுக்கு எத்தனை போடுவது என்று வகுப்பில் சண்டை வரும். வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலைக் கணித ஆசிரியர்,
தஞ்சாவூர்.