நாலு முடிந்து அஞ்சு பிறக்கும்போது

அம்பாசமுத்திரம்
வைகாசி 27

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கைக்கு வந்தது. புதன் எங்களைப் போன்ற கிராம நர்ஸ்களுக்குத் தடுப்பூசி நாள். ஊசி போட்ட பிள்ளைகள் அழுகிற சத்தத்துக்கு நடுவே பாதியைப் படித்தேன். மீதியை வீட்டுக்கு வந்து, உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அடுப்படியில் நின்றபடியே படித்தேன். 15 வாரக் கர்ப்பம் என்று நீ எழுதியிருந்த வரியில் மட்டும் கண் திரும்பத் திரும்பப் போய் நின்றது. 11 வருடம், எத்தனை கோயில், எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை பேர் வாய்க்குப் பதில் சொல்லியிருப்பாய். அம்மாவிடம் சொன்னேன். கண் ஆபரேஷன் முடிந்து பச்சைத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், "அழக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, இவ வந்து இப்பத்தான் சொல்லுதா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

சரி, உன் பயத்துக்கு வருகிறேன். வாந்தி ஒரே நாளில் நின்றுவிட்டது, வயிறும் தெரியவில்லை, அசைவும் இல்லை, உள்ளே குழந்தை இருக்கிறதா இல்லையா என்று ராத்திரி முழித்துக்கொண்டு படுத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். இதை நான் வருடத்துக்கு எத்தனையோ பேர் வாயால் கேட்கிறேன். வாந்தி இருந்தவரைக்கும் அதுவே ஒரு சாட்சியாக இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது, குழந்தை உதைக்கவும் ஆரம்பிக்கவில்லை. நடுவில் நாலைந்து வாரம் ஒன்றுமே தெரியாது. நடு மூன்று மாதம் சுகமான காலம் என்று எல்லாரும் சொல்வார்கள், அதன் தொடக்கத்தில் இப்படி ஒரு மௌனம் இருப்பதை யாரும் சொல்வதில்லை. வாந்தியைக் கிளப்பிய ஹார்மோன் 10 வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கும், அதனால்தான் நிற்கிறது. அடுத்த செக்கப்பில் டாப்ளர் கருவி வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கச் சொல். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை அடிக்கும், குதிரை ஓடுகிற மாதிரி. உன் வீட்டுக்காரர் அண்ணனையும் உள்ளே கூப்பிட்டு நிற்க வை, அவரும் கேட்கட்டும்.

அசைவு தலைப்பிள்ளைக்கு 18 முதல் 20 வாரத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும். உதை என்று நினைத்துக் காத்திருந்தால் விட்டுவிடுவாய். எனக்கு மூத்தவன் முதலில் அசைந்தது நன்றாக நினைவிருக்கிறது. ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். மடியில் சுளகு. கண் இமை சில நேரம் தானாகத் துடிக்குமே, அது மாதிரி அடிவயிற்றில் ஒரு துடிப்பு. வாயு என்று நினைத்து அடுத்த கொத்தை எடுத்தேன். மறுபடி அதே இடத்தில் இரண்டு தடவை. கையிலிருந்த கீரையை அப்படியே வைத்துவிட்டு, மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டு எவ்வளவோ நேரம் உட்கார்ந்திருந்தேன், அப்புறம் அசையவே இல்லை. நஞ்சுக்கொடி முன்பக்கம் ஒட்டியிருந்தால் இன்னும் தள்ளித் தெரியும், அதற்குப் பயப்படாதே. 24 வாரம் ஆகியும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் மட்டும் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடு.

38 வயது என்பதால் ஒரு இரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார்கள், அதை நினைத்துக் கை நடுங்குகிறது என்றாய். 15 வாரத்துக்கு மேல் எடுக்கிற அந்தப் பரிசோதனை, குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் மாதிரிப் பிறவிக் குறை இருக்க வாய்ப்பு எவ்வளவு என்றுதான் சொல்லும், இருக்கிறது இல்லை என்று சொல்லாது. அதில் கூடுதல் என்று வந்த எத்தனையோ பேருக்குப் பனிக்குட நீர் எடுத்துப் பார்த்ததில் ஒன்றும் இருந்ததில்லை. ரிசல்ட் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போனில் தேடிப் படிக்காதே. டாக்டர் முன்னால் உட்கார்ந்து கேள்.

அடுத்து 18 முதல் 20 வாரத்தில் ஒரு ஸ்கேன் வரும், அஞ்சாம் மாத ஸ்கேன் என்போம். இதுதான் இந்த மூன்று மாதத்தில் பெரிய காரியம். இதயத்தின் நாலு அறை, முதுகெலும்பு, மூளை, சிறுநீரகம், மேலுதடு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அரைமணி நேரம்கூட ஆகும். பார்க்கிறவர் பேசாமல் இருந்தால் ஏதோ குறை என்று அர்த்தமில்லை, சரிபார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். குழந்தை வசமாகத் திரும்பவில்லை என்றால் நடந்துவிட்டு வா, ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்புவார்கள். ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று கையெழுத்து வாங்குவார்கள், 1994 சட்டம். ரிப்போர்ட்டில் நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று எழுதியிருந்தால் கலங்காதே. கர்ப்பப்பை வளர வளர பெரும்பாலும் மேலே ஏறிவிடும், எட்டாம் மாதம் வாக்கில் மறுபடி பார்ப்பார்கள். ஆனால் அதுவரைக்கும் கொஞ்சம் இரத்தம் பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது நான் எழுத நினைத்த விஷயம். இரும்புச்சத்து மாத்திரை.

மூத்தவன் வயிற்றில் இருந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். ஊரில் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் கையில் மாத்திரையைக் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, என் கண் முன்னால் போடு என்று நின்றவள் நான். வீட்டில் நான் போடவில்லை. மலச்சிக்கல் ஒரு பக்கம், மலம் கறுப்பாகப் போனது ஒரு பக்கம். மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று மாமியார் வீட்டில் பேச்சு. அது பொய் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். ஆறாம் மாதம் மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது. சாமி அறையில் திருநீற்றைக் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். ஆச்சி மசக்கை என்றாள். தமிழ் ஐயா நடத்திய சங்கப் பாட்டு நினைவிருக்கிறதா, பகைவர் தொட முடியாத மண்ணைக் கர்ப்பிணிகள் மட்டும் ஆசைப்பட்டுத் தின்பார்கள் என்று வருமே? அந்த ஆசைக்கும் இரத்தக் குறைவுக்கும் தொடர்பு உண்டு. 26 வாரத்தில் எனக்கு ஹீமோகுளோபின் 8.2. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே இரத்தசோகை. ஒருநாள் விட்டு ஒருநாள் போய்ப் படுத்து இரும்புச்சத்து டிரிப் ஏற்றிக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் நான் மாத்திரை கொடுத்த பெண் ஒருத்தி. அவளுக்கு 11.6. அவள் தன் தூக்குச்சட்டியிலிருந்து எனக்கும் பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்தாள்.

அதனால்தான் சொல்கிறேன், இந்த மாதங்களில் உடம்பில் இரத்தத்தின் நீர்ப்பகுதி முதலில் வேகமாகக் கூடும், சிவப்பணு அந்த வேகத்துக்குக் கூடாது. நன்றாக இருக்கிறவளுக்கே அளவு இறங்கும். வாந்தி நின்று சாப்பாடு இறங்குகிற இந்த நேரத்தில்தான் சேர்த்துவைக்க முடியும், ஒன்பதாம் மாதம் வந்த பிறகு ஓடிப் பிடிக்க முடியாது. அரசுக் கணக்கில் நாலாம் மாதத்திலிருந்து 180 நாள், தினம் ஒன்று, 60 மில்லிகிராம் இரும்பு. உனக்கு டாக்டர் எழுதிய அளவைப் போடு. டீயோடும் காப்பியோடும் போடாதே, சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையை இதோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு. மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும் வாழைப்பழமும். அப்போதும் முடியவில்லை என்றால் மாத்திரையை மாற்றித் தரச் சொல், நீயாக நிறுத்தாதே. நான் செய்ததை நீ செய்யக் கூடாது.

சர்க்கரைப் பரிசோதனை ஒன்று ஆரம்பத்தில் எடுத்திருப்பாய், 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடிக்கத் தருவார்கள், இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140-க்குக் கீழே இருக்க வேண்டும். குடித்த அரைமணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறைக்காமல் சொல், இன்னொரு நாள் எடுக்க வேண்டும். உன் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது எனக்குத் தெரியும், அதனால் இதைத் தட்டிக்கழிக்காதே.

உடம்பு என்னென்னவோ செய்யும். மூக்கடைக்கும், ஈறில் இரத்தம் கசியும், கன்னத்தில் மங்கு விழும், தொப்புளிலிருந்து கீழே கறுப்புக் கோடு இறங்கும், ராத்திரி கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். சட்டென்று எழுந்தால் அடிவயிற்றின் ஓரத்தில் சுருக்கென்று இழுக்கும், கர்ப்பப்பையைத் தாங்குகிற தசைநார் இழுபடுகிறது. ஒருக்களித்துக் கையை ஊன்றி எழுந்திரு. இதெல்லாம் வந்து போகும். வயிறு 20 வாரத்தில் தொப்புள் மட்டத்துக்கு வந்துவிடும், அப்புறம் பஸ்ஸில் யாரும் உன்னிடம் கேட்காமலே இடம் கொடுப்பார்கள்.

ஆனால் தண்ணீர் மாதிரிக் கசிந்தாலும், விட்டுவிட்டு வலி வந்து வயிறு இறுகினாலும், காய்ச்சல் அடித்தாலும், தலைவலி தாங்க முடியாமல் கண் மங்கினாலும், முகமும் கையும் ஊதினாலும், விடியட்டும் என்று இருக்காதே. 20 வாரத்துக்கு மேல் பிரஷர் 140/90-ஐத் தொட்டால் அன்றைக்கே காட்ட வேண்டும். அண்ணன் வேலை விஷயமாக வெளியூர் போகிற நாட்களில் 108-ஐக் கூப்பிட யோசிக்காதே.

பப்பாளி பற்றிக் கேட்டிருந்தாய். காயைத் தொடாதே, பழுத்தது ஒரு துண்டு சாப்பிட்டதற்கு மூன்று நாள் அழ வேண்டாம். குங்குமப்பூ வாங்குகிற காசுக்குக் கடலைமிட்டாயும் முட்டையும் வாங்கு. பிறக்கிற பிள்ளை உன் நிறமோ அண்ணன் நிறமோ, இரண்டும் நல்ல நிறம். கல்லிடைக்குறிச்சி அப்பளம் கேட்டாயே, ஒரு கட்டு பார்சலில் போட்டிருக்கிறேன். சுட்டுச் சாப்பிடு, உப்பு அதிகம், தினமும் வேண்டாம். வங்கியில் லீவு பற்றி இப்போதே எழுதிக் கொடு. 26 வார லீவில் 8 வாரம் வரைக்கும் பிரசவத்துக்கு முன்னாடியே எடுக்கலாம், உடம்பு இடம் கொடுத்தால் பிள்ளை பிறந்த பிறகுக்கு மிச்சம் வை.

வளைகாப்பு ஆவணியில் என்று அத்தை சொன்னதாக எழுதியிருந்தாய். அப்போது உனக்கு 26 வாரம் ஆகியிருக்கும், குழந்தைக்குக் காது கேட்கும். கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு நீ சோறு பிசைகிற சத்தம் அதற்குக் கேட்கும். என் இளையவள் வயிற்றில் இருந்தபோது நான் வளையல் கையை வயிற்றுக்கு நேராகக் கொண்டுவந்து குலுக்குவேன், உடனே ஒரு பக்கம் புரளுவாள்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறேன். ஏழு வகைச் சோற்றில் புளியோதரை என்னுடையது. உன் கை அளவு 2-4 தானா என்று எழுது. அதற்குள் விரலும் மணிக்கட்டும் கொஞ்சம் ஊதியிருக்கும், நான் 2-6 வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
உன் இரண்டாம் பெஞ்சுத் தோழி