மாடு போவதற்கு முன் ஊசி போடுங்கள்

கால்நடைத் தடுப்பூசிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

ஐயா / அம்மணி,

இந்த முறையும் கால் வாய் நோய் முதலில் வந்தது. தடுப்பூசி பின்னால் வந்தது.

மட்டக்களப்புப் படுவான்கரை மாட்டுப் பட்டிகளின் போக்குவரவு உங்களுக்குத் தெரியாததல்ல. பெரும்போகத்துக்கு வயல் விதைக்கத் தொடங்கினால் மாடுகளை மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைப் பக்கம் சாய்த்துவிடுவோம். அங்கே பல ஊர் மாடுகளும் ஒன்றாக மேயும், ஒரே குளத்தில் தண்ணீர் குடிக்கும். நோய் பரவ எச்சில் போதும். ஊசி போட்ட அன்றே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. முதல்முறை போடும் மாட்டுக்கு ஒரு மாதத்துக்குள் இரண்டாவது ஊசியும் வேண்டும். அப்படியென்றால் ஆவணியிலேயே தொடங்கவேண்டும். நீங்கள் ஆள் அனுப்பியது கார்த்திகை மழையில். ஐஸ் பெட்டியோடு சேற்றில் நடந்து வந்த அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன்.

பெரிய மாடு நொண்டியாவது தப்பிவிடும். கன்றுகளுக்கு இந்த வைரஸ் இதயத்தையே தாக்கும். காலையில் பால் குடித்த கன்று மத்தியானம் செத்துக் கிடக்கும், வாயில் ஒரு கொப்புளம்கூட இருக்காது. கொப்புளம் இல்லையே என்று அந்தச் சாவுகள் நோய்க் கணக்கிலும் சேரவில்லை. கன்று ஊட்டாமல் எங்கள் நாட்டு மாடு பால் சுரக்காது, ஆகவே பாலும் போனது. தாய்க்கு நேரத்தோடு ஊசி போட்டிருந்தால் கன்று ஈன்றதும் சுரக்கும் கடும்புப் பாலிலேயே கன்றுக்கும் கொஞ்சம் காவல் கிடைத்திருக்கும். இதை உங்கள் மிருக வைத்தியர்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

மேடைகளில் பாலில் தன்னிறைவு என்கிறீர்கள், பால்மாவுக்கு டொலர் போய்க்கொண்டே இருக்கிறது. கொழும்பிலிருந்து வரும் பெரியவர்களுக்குத் தயிர்ச்சட்டி கட்டிக் கொடுக்கும்போது மட்டும் எங்கள் ஞாபகம் வரும் போல. மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டத்தைப் பற்றிப் பேசினால் இந்த மடல் முடியாது. சரி, அதை விடுவோம்.

நாங்கள் கேட்பது, மாடு போவதற்கு முன் ஊசி. காசோ, மேலதிக மருந்தோ கேட்கவில்லை. எந்த ஊருக்கு எந்தத் திகதி என்று ஆடி மாதத்துக்குள் அறிவியுங்கள். முதல் நாள் இரவு தொலைபேசியில் சொன்னால் காட்டில் நிற்கிற மாட்டை யார் பிடிப்பது? திகதி தெரிந்தால் பட்டியில் அடைத்து, கயிறு போட்டுப் பிடித்துத் தர எங்கள் பொடியன்கள் இருக்கிறார்கள். அடுத்த போகத்துக்காவது தயவுசெய்து இதைச் செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரைப் பட்டிக்காரர் ஒருவர்