கடிகாரத்தின் கேஸைத் தூக்கிப் போட்டுவிடாதே, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய உன் பாக்கெட் கடிகாரத்தின் ஏழு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தாயிற்று. போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று கேட்டுக்கொண்டு கடைசியில் உன் இஷ்டப்படிதான் செய்வாய். உன் அம்மாவும் சின்ன வயதில் அப்படித்தான். அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். பழைய ரயில்வே கடிகாரத்தை வாங்கிவிட்டு, இதைக் கையில் கட்டலாமா என்று யோசிக்கிற வேறு நாலு பேருக்கும் உதவட்டும் என்று பொதுவிலேயே போடுகிறேன்.

உன்னிடம் இருப்பது ஹாமில்டன் கம்பெனியின் 992 மாடல். பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் செய்தது. 16 சைஸ் (உள்ளே ஓடும் மெஷினின் அளவு எண்), 21 கல் (அச்சுகள் தேயாமல் சுழல வைத்த கற்கள்). டயலில் 7க்கும் 8க்கும் நடுவே மயிரிழை போல ஒரு விரிசல். எனாமல் டயல் என்றால் அது சகஜம், நல்ல விரிசல்தான், விட்டுவிடு. கேஸ், அதாவது வெளிக்கூடு, தங்கத் தகடு போர்த்தியது. மேலே சங்கிலி வளையம் உரசிய இடத்தில் தேய்ந்து பித்தளை தெரிகிறது. நாலாவது படத்தில் பின்மூடியின் உள்பக்கம் இருக்கிறதே, அதைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்தேன். ஊசியால் கீறிய பொடி எழுத்துகளும் எண்களும். ஐந்து எண்ணினேன், ஆறாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரிப்பேர்காரர் கை. கழுவி எண்ணெய் போட்டதும் தனக்கென்று ஓர் அடையாளம் கீறிவைப்பது அவர்கள் வழக்கம்.

"மெஷின் மட்டும் எடுத்துப் புது கேஸில் போட்டுத் தருகிறோம், பழைய கேஸை நாங்களே வைத்துக்கொள்கிறோம்" என்று கைக்கடிகாரமாக்கித் தரும் ஒருவர் உன்னிடம் சொன்னாராமே. அந்த வரியில்தான் எனக்குத் தூக்கம் போனது.

போன வருஷம் இலையுதிர் காலத்தில் நான் அமெரிக்காவின் ஓஹாயோவில் உள்ள கிப்டனுக்குப் போய் வந்தேன். கிளீவ்லாந்திலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சின்ன ஊர். தண்டவாளம் போன பாதையில் இப்போது சைக்கிள் விடுகிறார்கள். 1891 ஏப்ரலில் அங்கேதான் லேக் ஷோர் ரயில்வேயின் விரைவு அஞ்சல் வண்டியும் எதிரே வந்த பயணிகள் வண்டியும் மோதின. ஒற்றைத் தடம். பயணிகள் வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டியது. வண்டி ஊழியர் ஒருவரின் கடிகாரம் நாலு நிமிஷம் நின்று, பிறகு தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது என்று கதை சொல்வார்கள். இரண்டு எஞ்சின் டிரைவர்களும், கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்த அஞ்சல் ஊழியர்களும் செத்துப்போனார்கள். சிக்னலும் தந்தியும் எட்டாத நீளத்துக்கெல்லாம் அன்றைக்கு இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருந்த ஒரே காவல், ஆளுக்கொரு பாக்கெட்டில் இருந்த கடிகாரம்தான்.

அதற்குப் பிறகு ரயில்வே கம்பெனி கிளீவ்லாந்து நகைக்கடைக்காரர் வெப் பால் என்பவரைக் கூப்பிட்டுக் கடிகாரங்களைச் சோதிக்கும் பொறுப்பை ஒப்படைத்தது. 1893இல் விதிகள் வந்தன. முகத்தில் மூடி இருக்கக் கூடாது. 16 அல்லது 18 சைஸ். குறைந்தது 17 கல். வெள்ளை டயலில் தடித்த கறுப்பு எண்கள். வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. ஐந்து நிலைகளில் வைத்துச் சீர் செய்திருக்க வேண்டும். சாவி கொடுக்கும் குமிழ் 12 மணிப் பக்கம்தான். கடிகாரத்தை ஊழியர்தான் தன் சம்பளத்தில் வாங்க வேண்டும். அதையும் அங்கீகரித்த ஆய்வாளரிடம் முறைப்படி காட்டி, அட்டையில் குறித்து வாங்க வேண்டும். உன் 992 அந்த வம்சம்.

இப்போது வேடிக்கையைக் கேள். பாக்கெட்டுக்காக எழுதிய இந்த விதிகள் ஒவ்வொன்றும் மணிக்கட்டில் வந்து முட்டும்.

சாவிக் குமிழைப் பார். 12 மணிப் பக்கம் இருக்கிறது, விநாடி முள் 6 மணிப் பக்கம். கையில் கட்டும் வார் மாட்டுகிற இடமும் அதே 12 மணிப் பக்கம்தான். ஒன்று, வாருக்கும் கேஸுக்கும் நடுவே குமிழை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் மெஷினைக் கால் வட்டம் திருப்பி, சாவியை 3 மணிக்குக் கொண்டுவந்து, பழைய டயலைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று செய்ய வேண்டும். விநாடி வட்டம் 9 மணிக்குப் போய்விடும். முகத்தில் மூடி உள்ள ஹன்டர் வகைக் கடிகாரத்தில் சாவி 3 மணியிலும் விநாடி 6 மணியிலும் பிறப்பிலேயே இருக்கும். கைக்கடிகாரத்துக்கு அளவெடுத்தது மாதிரி. ரயில்வே வேண்டாம் என்று ஒதுக்கியதுதான் கைக்கு வாகாக அமைகிறது.

அடுத்தது லீவர். சாவி கொடுக்கும்போது குமிழ் தெரியாமல் வெளியே வந்து முள் நகர்ந்துவிடக் கூடாது என்று, நேரம் மாற்றும் வேலையைக் குமிழிடமிருந்து பிடுங்கி ஒரு சின்ன லீவரிடம் கொடுத்தார்கள். உன் கடிகாரத்தில் முன்வளையத்தைத் திருகிக் கழற்றினால் டயல் விளிம்பில் தெரியும் பார், நகத்தால் இழுக்கிற மாதிரி. இந்த மெஷினைக் கைக்கடிகாரமாக்கினால், ஒன்று முன்கண்ணாடி வளையம் திருகிக் கழலும்படி கேஸ் செய்ய வேண்டும், அல்லது உள்ளே உறுப்புகளை மாற்றிக் குமிழாலேயே முள் நகரும்படி செய்ய வேண்டும். இரண்டாவதைச் செய்வதாக யாராவது சொன்னால், கழற்றிய உறுப்புகளைப் பொட்டலம் கட்டித் திருப்பித் தருவார்களா என்று கேள். தர மாட்டார்கள் என்றால் அந்த வாசலை மிதிக்காதே.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த ஐந்து நிலைகள். டயல் மேலே பார்க்க, டயல் கீழே பார்க்க, சாவி மேலே, சாவி வலது பக்கம், சாவி இடது பக்கம். ஆறாவதாக "சாவி கீழே" என்று ஒன்று இருக்க வேண்டுமே? அதை விட்டுவிட்டார்கள். பாக்கெட்டில் கடிகாரம் தலைகீழாக நிற்காது, எதற்கு வீண் வேலை என்று. இப்போது மெஷினைத் திருப்பிச் சாவியை 3 மணிக்குக் கொண்டுவந்து இடது கையில் கட்டிக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு நட. சாவி எங்கே பார்க்கிறது? தரையைப் பார்க்கிறது. யாருமே சீர் செய்யாத அந்த ஒரே நிலையில் நாள் பூராவும் ஓடும். வாரத்துக்கு 30 விநாடி என்ற பேச்சை மறந்துவிட வேண்டியதுதான். குமிழை 12 மணியிலேயே விட்டால் அதே கை தொங்கும்போது சாவி பக்கவாட்டில் இருக்கும், பிழைத்துப்போகும். பார்க்க விசித்திரமாக இருந்தாலும் குமிழ் மேலே இருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அளவைச் சொல்லவே வேண்டாம். 16 சைஸ் என்றால் மெஷின் மட்டுமே 43 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கேஸோடு சேர்த்தால் 46, 48 என்று போகும். உன் கை உன் அப்பா கை மாதிரி ஒல்லி. சட்டைக் கை பொத்தான் போடாமல்தான் ஆபீஸ் போக வேண்டும்.

ஆபீஸ் என்றதும் இன்னொன்று. மடிக்கணினியின் மூடியிலும் போனின் முதுகிலும் காந்தம் இருக்கிறது. 992இல் பழைய எஃகு ஹேர் ஸ்பிரிங் (ஓட்டத்தைச் சீராக வைக்கும் மெல்லிய சுருள்) உள்ளவைதான் நிறைய. காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கடிகாரம் பேய் ஓட்டம் ஓடும். காந்தம் நீக்கும் கருவி என்னிடம் இருக்கிறது, ஒரு நிமிஷ வேலை. அடி விழுவதைத்தான் நீக்க முடியாது.

நான் பட்டதைச் சொல்கிறேன். கேஸ் இல்லாமல் தனியாக வந்த, வால்தம் கம்பெனியின் ஒரு ஹன்டர் மெஷினுக்கு ஆசை ஆசையாய் எஃகு கேஸ் கட்டிக் கையில் போட்டுக்கொண்டேன். பதினோராவது நாள், காரிலிருந்து அரிசி மூட்டையை இறக்கும்போது கதவு விளிம்பில் ஒரு தட்டு. சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. பேலன்ஸ் ஸ்டாஃப், அதாவது உள்ளே ஆடும் சக்கரத்தின் அச்சு, முனை போய்விட்டது. அந்த முனை தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. அதைத் தாங்குகிற ஸ்பிரிங் வைத்த கற்கள் அந்தக் காலத்து மெஷின்களில் கிடையாது. எஞ்சினின் குலுக்கலை வருஷக்கணக்கில் தாங்கியவை இவை. ஆனால் பாக்கெட்டில் சுற்றிலும் துணி, பின்னால் உடம்பு. மணிக்கட்டு அப்படியா? கதவு, மேஜை, குழம்புச் சட்டி என்று எதிலாவது இடித்துக்கொண்டே இருக்கும். சரியான அளவில் பழைய ஸ்டாஃப் கிடைக்க எனக்கு நாலு மாதம் ஆனது. இப்போது அதை ஞாயிற்றுக்கிழமை மட்டும், உட்கார்ந்தே இருக்கும் நாளில் கட்டுகிறேன். அத்தை சிரிக்கிறாள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, மாமா கைக்கடிகாரமே கூடாது என்கிறார் என்று முடிவு கட்டிவிடாதே. கட்டிக்கொண்டுதானே இருக்கிறேன். என் சண்டை கேஸைப் பற்றி.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "மெஷினும் கேஸும் பிறந்ததிலிருந்தே ஜோடி" என்று உன்னிடம் நான் கண்ணீர் விட முடியாது. அன்றைக்கு அமெரிக்கக் கம்பெனிகள் பெரும்பாலும் மெஷினைத் தனியாகத்தான் விற்றன. கேஸ் செய்தவர்கள் வேறு: கீஸ்டோன், ஃபாஸ், டியூபர், வாட்ஸ்வொர்த். வாங்குகிறவர் நகைக்கடையில் மெஷினைத் தேர்ந்தெடுத்து, கைக்காசுக்கு ஏற்ற கேஸையும் தேர்ந்தெடுப்பார். கடைக்காரர் அங்கேயே பொருத்தித் தருவார். சைஸும் வகையும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் எது எதிலும் உட்காரும். சாவித் தண்டும் அதைப் பிடிக்கும் கிளிப்பும்கூடப் பல கடிகாரங்களில் கேஸோடு சேர்ந்தவை. ஆகவே கேஸ் மாற்றுவது பாவம் என்றால் அந்தப் பாவம் 100 வருஷத்துக்கு முன்பே தொடங்கியாயிற்று.

ஆனால் உன் கேஸின் உள் விளிம்பைப் பார். மெஷினைப் பிடிக்கும் திருகு கடித்த தடம் ஒரே ஒரு ஜோடிதான் இருக்கிறது. வேறு மெஷின் அதில் குடியிருக்கவில்லை. யாரோ ஒருவர் கடையில் நின்று தேர்ந்தெடுத்தது, வளையம் தேய்கிற அளவுக்குச் சுமந்தது, ஐந்தாறு ரிப்பேர்காரர்கள் திறந்து மூடியது எல்லாம் அந்த மெல்லிய தகட்டில்தான் பதிந்திருக்கிறது. மெஷினில் ஒன்றும் பதியவில்லை. அதை நல்ல கையில் கொடுத்தால் கழுவிப் புதிதாக்கிவிடுவார்.

கைக்கடிகாரத்துக்கு மெஷின் வேண்டுமென்றால் அநாதைகள் ஏராளம். 1980 தொடக்கத்தில் தங்கம் அவுன்ஸ் 800 டாலரைத் தாண்டியபோது, கெட்டித் தங்கக் கேஸ்களை மூட்டை மூட்டையாக உருக்கினார்கள். மெஷினைப் பிடுங்கி டப்பாவில் போட்டுவிட்டுக் கேஸை எடைக்குப் போட்டார்கள். தங்கம் ஏறும்போதெல்லாம் இது நடக்கிறது, இப்போதும். எல்ஜின், வால்தம், இல்லினாய், ஹாமில்டன் எல்லாமே இப்படி நிர்வாணமாகக் கிடைக்கும். அவற்றுக்கு வீடு கட்டித் தருவது நல்ல காரியம்.

கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் வோர்டிக் என்ற சின்னக் கம்பெனி இந்த வேலைதான் செய்கிறது. பழைய ஹாமில்டன் மெஷின், டயல், முள்ளோடு "தி லங்காஸ்டர்" என்று ஒன்று விற்றார்கள். டயலில் ஹாமில்டன் பெயர் அப்படியே இருந்தது. இப்போது சுவிஸ் ஸ்வாட்ச் குழுமத்தின் கையில் இருக்கும் ஹாமில்டன், 2017இல் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. 2020இல் தீர்ப்பு சின்னக் கம்பெனிக்குச் சாதகம். 2021இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. பழைய ஸ்பார்க் பிளக்கைச் சீர் செய்து பழைய பெயரிலேயே விற்ற 1947 வழக்கு ஒன்றுதான் அதற்கு முன்னோடி. பழுது பார்த்தது என்று வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டால் பழைய பெயர் இருக்கலாம் என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பு எனக்குச் சம்மதம். 100 வருஷப் பெயரை டயலிலிருந்து அழித்துத்தான் விற்க வேண்டும் என்றால் அது அதைவிடப் பெரிய பொய்.

அதனால் உனக்கு என் யோசனை இது. 992ஐ அதன் கேஸிலேயே விடு. நான் கழுவி, எண்ணெய் போட்டு, கடிகாரத்தை ஓடவைக்கும் பழைய எஃகு மெயின் ஸ்பிரிங்குக்குப் பதில் புதுக் கலவை உலோக ஸ்பிரிங் போட்டுத் தருகிறேன். மேஜையில் நிறுத்திவை, கல்யாணத்துக்குக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொள். கையில் கட்ட, கேஸ் இல்லாத 12 சைஸ் ஹன்டர் மெஷின் ஒன்று தேடுவோம். மெஷின் 40 மில்லிமீட்டருக்குள் அடங்கும், சாவி 3 மணியில், விநாடி 6 மணியில். அது ரயில்வே தரம் இல்லை என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், அவர்களில் யாரும் ரயில் ஓட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. கடிகாரத்தை வீட்டுச் சாவியோடும் போனோடும் ஒரே பாக்கெட்டில் போடாமல், பருத்தித் துணியில் சுற்றித் தனியாகக் கொண்டு வா. முன்வளையத்தை வரும் வழியில் திறந்து பார்க்காதே. அந்தப் பின்மூடிக் கீறல்களை லூப் என்ற பூதக்கண்ணாடி வைத்து ஒன்றொன்றாகப் படித்துப் பார்க்கலாம். அவற்றில் ஒன்று தேதி மாதிரி எனக்குத் தெரிகிறது.

அன்புடன்,
மாமா