பதிவேட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள், ஃபாதர்

மதிப்புக்குரிய பங்குத்தந்தைக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். போன ஞாயிறு என் தங்கை மகனின் திருமுழுக்கில் நடந்தது உங்களுக்குத் தெரியும், நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். குழந்தையின் விசுவாச வளர்ப்புக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தந்தையாக நிற்க வேண்டியவர் ஓசூரிலிருந்து வரும் வழியில் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் மாட்டிக்கொண்டார், அடுத்த பூசைக்கு நேரமாகிறது என்று உபதேசியாருக்கு அவசரம், "தாய்மாமன்தான் இருக்கீங்களே, வந்து நில்லுங்க" என்று என்னைப் பிடித்து முன்னால் நிறுத்திவிட்டார்.

நான் கிறிஸ்தவன் இல்லை, எந்தச் சாமியையும் கும்பிடுகிறவனும் இல்லை. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுச் சுவரில் பெரியார் படம்தான். தங்கை கல்யாணத்தின்போதே இது உங்களுக்குத் தெரியும்.

சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டீர்கள். சரி, பிடித்திருந்தால்தானே விடுவதற்கு. அப்புறம் விசுவசிக்கிறீர்களா என்ற கேள்வி மூன்று முறை வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. "மாமா, சத்தமா சொல்லுங்க" என்று மைக்கில் சொன்னீர்கள், கோயிலே சிரித்தது, என் தங்கை மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற உபதேசியார் காதில் சொன்னார்: "சும்மா வாயளவுல சொல்லுங்க சார், யாரு கேக்கப்போறா?"

யார் கேட்கப்போகிறார் என்று என்னைப் போன்றவன் சொன்னால் பரவாயில்லை. கடவுள் கேட்கிறார் என்று ஊருக்கே சொல்லிக்கொடுப்பவர் சொல்லலாமா?

இதில் அவசியம் என்று ஒன்றும் இல்லை என்பதுதான் எரிச்சல். 1983 திருச்சபைச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஞானப்பெற்றோர் ஒருவர் இருந்தாலே போதும், அவரும் உறுதிப்பூசுதல் என்ற அருட்சாதனச் சடங்கைப் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்கிறது. ஞானத்தாய் வந்து நின்றார், அவரோடு முடித்திருக்கலாம். இன்னொரு வேடிக்கை, ஆபத்து நேரத்தில் திருச்சபையின் எண்ணத்தோடு தண்ணீர் ஊற்றினால் நானே ஒருவருக்குத் திருமுழுக்குக் கொடுக்கலாமாம், ஆனால் ஞானத்தந்தையாக முடியாதாம். உங்கள் சட்டத்தை நாத்திகன் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுநாள் சான்றிதழைப் பார்த்தால் ஞானத்தந்தை என்று என் பெயர்! சொல்லாத வாக்குறுதிக்கு ஆள் ஆகிவிட்டேன். அதை எடுத்துவிடுங்கள்.

பொதுவாகவே ஒன்று சொல்ல வேண்டும். காதுகுத்துக்கு மடியில் உட்கார வைக்க மாமன் வேண்டும், சீர் செய்ய மாமன் வேண்டும், அதெல்லாம் உறவு, சந்தோஷமாகச் செய்வேன், தொட்டில் சீர்கூட குறையில்லாமல் செய்தேன். ஆனால் விசுவாச அறிக்கையையும் மொய் மாதிரி ஆக்கிவிட்டீர்கள். அன்றைக்கு வரிசையில் நின்ற விசுவாசிகளிலேயே ஒருவர் ஒரு கையால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே "விசுவசிக்கிறேன்" என்றார், அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பொய் சொல்ல மனம் வராமல் நின்றவனைத்தான் மைக்கில் அதட்டினீர்கள். மழை வேண்டி ஊர்க்கோயிலில் பொங்கல் வைக்கும்போது பூசாரிகூட என்னை இப்படிக் கட்டாயப்படுத்தியதில்லை.

கோபத்தில் கொஞ்சம் நீளமாகிவிட்டது, மன்னிக்கவும். கேட்பது இரண்டுதான். பதிவேட்டிலும் சான்றிதழிலும் ஞானத்தந்தை இடத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். இனி எந்தத் திருமுழுக்கிலும் நம்பிக்கை இல்லாத உறவினரை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள், விருந்தாளிகளோடு பெஞ்சில் உட்கார விடுங்கள். திருத்தும்போது ஞானத்தாய் பெயரைத் தவறாமல் வைத்துவிடுங்கள், அந்த அம்மா எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். புதிய சான்றிதழை என்றைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று தங்கையிடம் சொல்லி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
குழந்தையின் தாய்மாமன்,
தர்மபுரி